‘இண்டஸ்ட்ரி’ என்றால் என்ன? ஒரு சட்டச் சொல்லுக்கு நீதிமன்றங்கள் பொருள் தந்த கதை: கேள்வி பதில்

வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர்கள் எங்கள் தொழிற்சங்க அலுவலகத்துக்கு வரும்போது பெரும்பாலும் கையில் இரண்டு தாள் வைத்திருப்பார்கள். ஒன்று நிர்வாகம் கொடுத்த கடிதம். இன்னொன்று யாரோ எடுத்துக் கொடுத்த சட்டப்பிரிவின் ஜெராக்ஸ். “சட்டத்திலேயே எழுதியிருக்கு சார், அப்புறம் வக்கீல் எதுக்கு எந்தக் காலத்துத் தீர்ப்பையோ தேடுறார்?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இத்தனை வருடமாக வாய்வார்த்தையாகச் சொல்லிவந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். எல்லாச் சட்டத்தையும் தொட முடியாது என்பதால், எனக்கு நன்றாகப் பழகிய ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு போகிறேன். 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த, 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் வந்த ‘இண்டஸ்ட்ரி’, அதாவது ‘தொழில்’ என்ற சொல் அது.

சட்டத்தில் வரையறை இருக்கும்போது தீர்ப்பு எதற்கு?

வரையறையை முதலில் பாருங்கள். அந்தச் சட்டத்தின் பிரிவு 2(ஜே) சொல்வது ஏறக்குறைய இதுதான்: முதலாளிகள் நடத்தும் வியாபாரம், வணிகம், நிறுவனம், உற்பத்தி, பணி எதுவும் ‘தொழில்’, தொழிலாளர்கள் செய்யும் பணி, சேவை, வேலை, கைத்தொழில் எல்லாமும் அதில் அடங்கும்.

படித்ததும் எல்லாம் உள்ளே வந்துவிட்டது போலத் தோன்றும். சரி, இப்போது கேளுங்கள். அரசு மருத்துவமனை தொழிலா? பல்கலைக்கழகம்? நகராட்சியின் துப்புரவுப் பிரிவு? வக்கீல் அலுவலகம்? உறுப்பினர்கள் மட்டும் போய் டென்னிஸ் ஆடிவிட்டு காபி குடித்துவிட்டு வரும் கிளப்? கோயில்? வரையறையை எத்தனை முறை படித்தாலும் இதற்குப் பதில் கிடைக்காது. இந்த ஒவ்வொரு கேள்வியையும் யாரோ ஒரு தொழிலாளி நீதிமன்றத்துக்குக் கொண்டுபோன பிறகுதான் பதில் பிறந்தது.

தமிழில் நாம் “என்ன தொழில் பண்றீங்க?” என்று டாக்டரையும் கேட்போம், தச்சரையும் கேட்போம். ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னாலோ புகைபோக்கியும் இயந்திரமும் நிற்கின்றன. அந்தப் புகைபோக்கியைச் சொல்லிலிருந்து அகற்ற நீதிமன்றங்களுக்கு முப்பது வருடம் ஆனது.

ஒரு சொல்லுக்காக இவ்வளவு சண்டை ஏன்?

அந்தச் சொல்தான் வாசற்படி. அந்தச் சட்டப்படி, உங்கள் நிறுவனம் ‘தொழில்’ என்றால்தான் நீங்கள் தொழிலாளர் நீதிமன்றத்துக்குள் நுழைய முடிந்தது. ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸ், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் என்ற பிரிவு 25எஃப் பாதுகாப்பு கிடைத்தது. ‘தொழில்’ இல்லை என்றால் இவை எதுவும் இல்லை.

எங்களிடம் வந்த ஓர் ஆயாம்மாவைச் சொல்கிறேன். ஊரும் பெயரும் வேண்டாம். ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில் 12 வருடம் வார்டு வேலை பார்த்தவர். பெட்பேன் கழுவுவது, துணி மாற்றுவது, ராத்திரி டியூட்டி எல்லாம் பார்த்திருக்கிறார். ஒரு திங்கட்கிழமை “நாளையிலிருந்து வர வேண்டாம்” என்று சொல்லிவிட்டார்கள். கணக்குப் போட்டால் 180 நாள் சம்பளம் வர வேண்டும். நிர்வாகம் சொன்ன பதில்: “இது தர்ம ஸ்தாபனம். லாபத்துக்கு நடத்தவில்லை. கம்பெனிச் சட்டமெல்லாம் இங்கே பேசாதீங்க.” அவர் அந்த வாக்கியத்தை அப்படியே திருப்பிச் சொன்னார். வேலை போனதைவிட அந்தப் பதில்தான் அவரை அதிகம் குத்தியிருந்தது. “நான் செஞ்சது வேலை இல்லையா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சட்டப் புத்தகத்தில் இல்லை. தீர்ப்பில் இருக்கிறது.

நீதிமன்றங்கள் முதலில் என்ன சொல்லின?

ஒரே பதிலைச் சொல்லவில்லை. அதைத்தான் பலர் நம்ப மறுக்கிறார்கள்.

1953-ல் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உள்ள பட்ஜ் பட்ஜ் நகராட்சியின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. வேலைநீக்கம் செய்யப்பட்ட நகராட்சி ஊழியர்கள் இருவரைப் பற்றிய தகராறு. நகராட்சி லாபத்துக்கு நடப்பதில்லை, அது எப்படித் தொழிலாகும் என்பது வாதம். லாபம் தேடாத அமைப்பிலும் தொழில் தகராறு வரலாம் என்றது நீதிமன்றம். கதவு கொஞ்சம் திறந்தது.

1960-ல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனைக் குழுமத்தில் வேலை பார்த்த இரண்டு பெண் வார்டு ஊழியர்களின் வழக்கு. ஆட்குறைப்பு இழப்பீடு கொடுக்காமலே அவர்களை நிறுத்திவிட்டு, அரசின் வேறொரு துறையில் வேலை இழந்தவர்களை அந்த இடத்தில் வைத்தார்கள். அரசு மருத்துவமனையும் ‘தொழில்’தான் என்று தீர்ப்பு வந்தது. கதவு இன்னும் அகலமாகத் திறந்தது.

அப்புறம் சாத்தத் தொடங்கினார்கள். 1962-ல் வக்கீல் அலுவலகம் தொழில் இல்லை என்றார்கள். அது அறிவை நம்பி நடக்கும் பணி, குமாஸ்தாவும் டைப்பிஸ்டும் அதில் நேரடியாகப் பங்கு பெறுவதில்லை என்பது காரணம். 1963-ல் டெல்லிப் பல்கலைக்கழக வழக்கு. மாணவிகளை அழைத்துவர ஓடிய பேருந்துகள் நட்டத்தில் ஓடுகின்றன என்று ஓட்டுநர்களை நிறுத்திவிட்டார்கள். அவர்கள் இழப்பீடு கேட்டார்கள். கல்வி என்பது உயர்ந்த பணி, அதைத் தொழில் என்று சொல்ல முடியாது என்று தீர்ப்பு. கல்வி உயர்ந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஓட்டுநர் பாடம் நடத்தவில்லையே, ஸ்டீயரிங்தானே பிடித்தார்? பல்கலைக்கழக பஸ்ஸை ஓட்டியதால் அவருக்கு இழப்பீடு இல்லை, அதே வேலையை ஒரு பஸ் கம்பெனியில் செய்திருந்தால் உண்டு. இந்தத் தீர்ப்பைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

1967-ல் நம் சென்னை வழக்கு. தீவுத்திடலில் இருக்கும் மெட்ராஸ் ஜிம்கானா கிளப்பின் ஊழியர் சங்கம் போனஸ் கேட்டுப் போனது. கிளப் என்பது உறுப்பினர்கள் தங்களுக்குத் தாங்களே செய்துகொள்ளும் ஏற்பாடு, எனவே தொழில் இல்லை என்றது உச்ச நீதிமன்றம். சமையல்காரர், பரிமாறுபவர், மைதானம் பராமரிப்பவர் என எல்லோரும் சம்பளத்துக்குத்தான் வேலை பார்த்தார்கள். அது கணக்கில் வரவில்லை.

1970-ல் டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை வழக்கு. இந்த முறை 6 நீதிபதிகள் அமர்ந்து, 1960 தீர்ப்பையே தவறு என்றார்கள். மருத்துவமனை மறுபடி வெளியே போனது.

கவனியுங்கள், இந்தப் பதினேழு வருடத்தில் சட்ட வரையறையில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. அதே வரிகளை வைத்துக்கொண்டு 1960-ல் மருத்துவமனை உள்ளே, 1970-ல் வெளியே.

1978 தீர்ப்பு என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது என்ன?

பெங்களூர் குடிநீர் வழங்கல், கழிவுநீர் வாரிய வழக்கு. தொடங்கியது மிகச் சின்ன விஷயத்தில். ஒழுங்கு நடவடிக்கை என்று சொல்லி வாரியம் சில ஊழியர்களின் சம்பளத்தில் பணம் பிடித்தது. அவர்கள் தொழிலாளர் நீதிமன்றம் போனார்கள். “நாங்கள் குடிமக்களுக்கு அடிப்படை வசதி செய்து தருகிற அமைப்பு, தொழில் இல்லை” என்றது வாரியம். அந்த வாதம் ஏறி ஏறி உச்ச நீதிமன்றம் வரை போனது.

1978 பிப்ரவரி 21-ல் 7 நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது. பெரும்பான்மைக்காக முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். பாலக்காட்டில் பிறந்து, தலச்சேரியில் வக்கீலாக இருந்து, 1957-ல் கேரளத்தின் முதல் அமைச்சரவையில் அமைச்சரானவர். அவர் மூன்று கேள்வி வைத்தார். முறையாக, தொடர்ச்சியாக நடக்கும் செயல்பாடா? முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து உழைப்பதால் நடக்கிறதா? மனிதரின் தேவைக்கான பொருளோ சேவையோ அதிலிருந்து வருகிறதா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால் அது தொழில். லாப நோக்கம் இருக்கிறதா இல்லையா என்பது பொருட்டே இல்லை.

ஒரே அடியில் ஜிம்கானா, டெல்லிப் பல்கலைக்கழகம், சஃப்தர்ஜங், வக்கீல் அலுவலகம் என நான்கு தீர்ப்பும் போயின.

தர்ம ஸ்தாபனங்களைப் பற்றி அவர் எழுதியதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தர்மம் மூன்று வகையில் நடக்கலாம் என்கிறார். லாபத்துக்கு வியாபாரம் செய்து அந்த லாபத்தைத் தர்மத்துக்குக் கொடுப்பது ஒன்று. லாபம் இல்லாமல் ஏழைகளுக்கு இலவசமாகச் சேவை செய்வது இன்னொன்று. ஆனால் அந்தச் சேவைக்கு மற்ற முதலாளிகளைப் போலவே சம்பளத்துக்கு ஆள் வைத்திருப்பார்கள். மூன்றாவது, தொண்டர்கள் கூலி வாங்காமல் தாங்களே உழைப்பது. முதல் இரண்டும் தொழில், மூன்றாவது மட்டும் இல்லை. தர்மம் பண்ணுகிறவர் நோயாளிக்குப் பண்ணலாம், அதற்கான செலவை ஆயாம்மாவின் கூலியில் பிடிக்க முடியாது. இது என் வார்த்தை, தீர்ப்பின் பொருள் அதுதான்.

அந்த ஆயாம்மா வழக்கில் நாங்கள் செய்தது அதிகம் ஒன்றுமில்லை. தொழிலாளர் துறையின் சமரச அதிகாரி முன்னால் இந்தப் பத்தியின் நகலை வைத்தோம். நிர்வாகத்தின் வக்கீல் விஷயம் தெரிந்தவர், அதைப் பார்த்ததும் அவர் ‘தர்மம்’ வாதத்தைத் தொடரவே இல்லை. மூன்றாவது வாய்தாவில் இழப்பீடு பேசி முடிந்தது.

அப்படியானால் 1978-க்குப் பிறகு எல்லாமே தொழிலா?

இல்லை. அரசின் இறையாண்மைப் பணிகள், அதாவது ராணுவம், சட்டம் இயற்றுவது, நீதி வழங்குவது போன்றவை வெளியே. வீட்டு வேலை வெளியே. ஒற்றை உதவியாளரை வைத்துக்கொண்டு நடத்தும் சின்ன வக்கீல், டாக்டர் அலுவலகங்களுக்கும், மிகச் சிறிய கிளப், குருகுலம் போன்றவற்றுக்கும் விலக்கு உண்டு.

வீட்டு வேலை செய்பவர்களை வெளியே விட்டதில் எனக்கு வருத்தம் உண்டு. பாதுகாப்பு மிகவும் தேவைப்பட்டவர்கள் அவர்கள்தான்.

பள்ளி தொழில் என்றால், டீச்சரும் தொழிலாளியா?

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ‘தொழில்’ ஒரு வாசல், ‘தொழிலாளி’ இன்னொரு வாசல். இரண்டையும் தாண்ட வேண்டும். 1988-ல் கோவாவின் ஒரு பள்ளி ஆசிரியை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: பள்ளி தொழில்தான், ஆனால் ஆசிரியரின் பணி உடலுழைப்போ எழுத்தர் வேலையோ தொழில்நுட்ப வேலையோ அல்ல, எனவே ஆசிரியர் அந்தச் சட்டத்தின்படி தொழிலாளி இல்லை. ஆக, அதே பள்ளியின் பியூனும் பஸ் டிரைவரும் அந்தச் சட்டத்தின்படி தொழிலாளர் நீதிமன்றம் போக முடிந்தது, டீச்சர் போக முடியவில்லை. 1963-ல் பார்த்ததற்கு நேர் எதிர். தனியார் பள்ளி ஆசிரியர்கள் எங்களிடம் வந்தால் இதை முதலிலேயே சொல்லிவிடுவோம். தவறான கதவைத் தட்டி வருடங்களை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தீர்ப்பில் எழுதிய எல்லாமே கட்டுப்படுத்துமா?

கட்டுப்படுத்தாது. அரசியலமைப்பின் 141-ஆம் உறுப்பு, உச்ச நீதிமன்றம் அறிவிக்கும் சட்டம் நாட்டின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்கிறது. ‘அறிவிக்கும் சட்டம்’ என்பது அந்த வழக்கை முடிக்கத் தேவையாக இருந்த காரணம் மட்டுமே. நீதிபதி போகிற போக்கில் சொன்ன கருத்து, உவமை, வருத்தம் எல்லாம் மதிக்கத்தக்கவை, ஆனால் கட்டாயம் இல்லை.

எது காரணம், எது கருத்து என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நான் சொல்லித்தரும் வழி இது: அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டால் தீர்ப்பின் முடிவு விழுந்துவிடுமா என்று பாருங்கள். விழுந்தால் அது காரணம். ஜிம்கானா வழக்கில் கிளப்பின் வரலாற்றை எடுத்துவிட்டாலும் முடிவு நிற்கும். ‘உறுப்பினர்கள் தங்களுக்குத் தாங்களே செய்துகொள்வது’ என்பதை எடுத்தால் நிற்காது.

7 நீதிபதி, 9 நீதிபதி என்று ஏன் எண்ணுகிறார்கள்?

சிறிய அமர்வு பெரிய அமர்வை மாற்ற முடியாது. 1970 சஃப்தர்ஜங் தீர்ப்பை 6 பேர் கொடுத்ததால்தான் 1978-ல் 7 பேர் உட்கார வேண்டியிருந்தது. 2005-ல் 5 நீதிபதிகள் அமர்வு ஒன்று, உத்தரப் பிரதேச அரசின் வழக்கில், 1978-ன் பொருள் அளவுக்கு மீறி அகலமாக இருக்கிறது என்று நினைத்தது. ஆனால் மாற்ற முடியவில்லை, பெரிய அமர்வுக்கு அனுப்பத்தான் முடிந்தது. 2017-ல் 7 நீதிபதிகள் உட்கார்ந்து, 7 பேர் சொன்னதை 7 பேர் பரிசீலிப்பது சரியில்லை என்று 9 பேருக்கு அனுப்பினார்கள். அந்த 9 பேர் தீர்ப்புச் சொல்லும் வரைக்கும், பழைய சட்டத்தின் கீழ் வந்த வழக்குகளில் கீழ் நீதிமன்றங்களுக்கு 1978 தீர்ப்புதான் சட்டம். “அது சந்தேகத்தில் இருக்கிறது சார்” என்று எதிர்த்தரப்பு சொன்னால் பயப்பட வேண்டாம். சந்தேகப்பட்டதாலேயே ஒரு தீர்ப்பு சாவதில்லை.

நாடாளுமன்றத்துக்குப் பிடிக்கவில்லை என்றால்?

சட்டத்தைத் திருத்தலாம். ‘தொழில்’ விஷயத்தில் 1982-ல் திருத்தினார்கள். மருத்துவமனை, கல்வி நிறுவனம், அறநிலையங்கள் எல்லாவற்றையும் வெளியேற்றி ஒரு புதிய வரையறை நிறைவேறியது. ஆனால் அந்தப் பிரிவை அமலுக்குக் கொண்டுவரும் அறிவிக்கையை அரசு வெளியிடவே இல்லை. வெளியேற்றப்படும் ஊழியர்களுக்கு மாற்று ஏற்பாடு எதுவும் செய்யப்படவில்லை என்பது பின்னணி. நாடாளுமன்றம் எழுதிய வரையறை இப்படிப் பல பத்தாண்டுகள் தாளிலேயே கிடக்க, நீதிபதிகள் எழுதியது நடைமுறையில் இருந்தது.

‘ஆட்குறைப்பு’ என்ற சொல்லின் கதை வேறு மாதிரி. 1976-ல் ஸ்டேட் வங்கியின் தற்காலிகக் காசாளர் ஒருவரின் வழக்கு, சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேலே போனது. அவருக்குக் கொடுத்த பணி நியமனம் 9 நாளுக்கு மட்டும். நாள் முடிந்ததும் வேலையும் முடிந்தது, நாங்கள் யாரையும் நீக்கவில்லையே என்றது வங்கி. சட்ட வரையறையில் ‘எந்தக் காரணத்துக்காக ஆனாலும்’ என்று ஒரு தொடர் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு, தானாக முடிந்தாலும் அது பணிமுடிப்புதான், எனவே ஆட்குறைப்புதான் என்றது நீதிமன்றம். இதற்கு நாடாளுமன்றம் பதில் சொன்னது. ஒப்பந்தக் காலம் முடிந்து புதுப்பிக்காமல் விடுவது ஆட்குறைப்பு ஆகாது என்று 1984-ல் ஒரு விலக்கைச் சேர்த்தார்கள். இன்று ஒப்பந்தத் தொழிலாளர்களை வருடா வருடம் கையெழுத்து வாங்கி வைத்திருப்பதன் வேர் அந்த விலக்கில்தான் இருக்கிறது.

மற்றச் சட்டங்களிலும் இப்படித்தானா?

எல்லாவற்றிலும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் ‘சேவை’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவம் அதில் வரும் என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எல்லோருக்கும் இலவசம் என்றால் வராது. சிலரிடம் கட்டணம், சிலருக்கு இலவசம் என்று நடத்தினால் இலவச நோயாளியும் நுகர்வோர்தான். 2024-ல் வக்கீலின் பணியைப் பற்றி அதே கேள்வி வந்தபோது, அது அந்தச் சட்டத்துக்குள் வராது என்றார்கள். ஒரே சொல், டாக்டர் உள்ளே, வக்கீல் வெளியே. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஆனாலும் இன்றைய சட்டம் அதுதான்.

இன்னொன்று அரசியலமைப்பின் 21-ஆம் உறுப்பு. சட்டம் நிறுவிய நடைமுறைப்படி அல்லாமல் யாருடைய உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் பறிக்கக்கூடாது என்பது அதன் சாரம். 1950-ல் சென்னை மாகாண அரசு காவலில் வைத்திருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் இதை வைத்து வழக்குப் போட்டார். நடைமுறை என்று ஏதோ ஒன்றைச் சட்டமன்றம் எழுதியிருந்தால் போதும் என்றது பெரும்பான்மை. நீதிபதி ஃபசல் அலி ஒத்துக்கொள்ளவில்லை. நோட்டீஸ் தர வேண்டும், பேச வாய்ப்புத் தர வேண்டும், நடுநிலையான ஒருவர் கேட்க வேண்டும், அதுதான் நடைமுறை என்று தனியாக எழுதினார்.

28 வருடம் கழித்து, 1978 ஜனவரி 25-ல், மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டைக் காரணம் சொல்லாமல் முடக்கிய வழக்கில், நடைமுறை என்றால் அது நியாயமான நடைமுறையாக இருக்க வேண்டும் என்று 7 நீதிபதிகள் அமர்வு சொன்னது. அந்த ஏழு பேரில் ஒருவர் எஸ். முர்தஸா ஃபசல் அலி. 1950-ல் தனியாக நின்றவரின் மகன்.

தோற்றுப்போன கருத்தை எதற்கு எழுதி வைக்கிறார்கள் என்று மாணவர்கள் கேட்பார்கள். நான் இந்த அப்பா–மகன் கதையைத்தான் சொல்வேன்.

இது நீதிபதிகள் சட்டம் இயற்றுவது ஆகாதா?

கொஞ்சம் ஆகும். அதை மறைக்கத் தேவையில்லை. சொல்லின் நடுப்பகுதி எப்போதும் தெளிவாக இருக்கும். பஞ்சாலை தொழில்தான், அதில் யாருக்கும் சந்தேகம் வராது. சண்டை ஓரங்களில்தான். கிளப், கோயில் மடப்பள்ளி, மருத்துவமனை என்று ஓரத்தில் நிற்பவற்றை உள்ளே விடுவதா என்று யாராவது முடிவெடுத்தே ஆக வேண்டும். வழக்கு முன்னால் நிற்கிறது, ‘சட்டம் தெளிவாக இல்லை, போய்விட்டு வா’ என்று நீதிபதி சொல்ல முடியாது.

என் மனக்குறை வேறு. முடிவு மாறுவது தவறில்லை. ஆனால் மாறும்போது காரணத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 1978 தீர்ப்பை நான் மதிப்பதற்கு ஒரு காரணம், முந்தைய தீர்ப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து ஏன் தவறு என்று அது வாதாடுகிறது.

புதிய பொருள் பழைய தகராறுகளுக்கும் செல்லுமா?

பொதுவாகச் செல்லும். சட்டம் எப்போதும் அப்படித்தான் இருந்தது, நீதிமன்றம் இப்போது கண்டு சொன்னது என்பது கொள்கை. இனிமேல் நடப்பவற்றுக்கு மட்டும் என்று நீதிமன்றமே சொன்னால் வேறு. அதை முதன்முதலில் 1967 கோலக்நாத் வழக்கில் செய்தார்கள். முடிந்துபோய் மேல்முறையீடும் இல்லாத வழக்குகளைத் திரும்பத் திறக்க முடியாது.

தீர்ப்புகளை எங்கே படிக்கலாம்? ஆங்கிலம் அவ்வளவாக வராதே?

உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் ‘இ-எஸ்.சி.ஆர்.’ என்ற இலவச இணையத் தொகுப்பைத் தொடங்கியது. பல தீர்ப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் கிடைக்கிறது. ‘இந்தியன் கானூன்’ தளத்தில் சொல்லைப் போட்டுத் தேடலாம், அதுவும் இலவசம்.

படிக்கும்போது முதலில் தேதி, பிறகு எத்தனை நீதிபதிகள், பிறகு யார் பெரும்பான்மை என்று பாருங்கள். அடுத்து வழக்கின் சம்பவம். சம்பவத்தைத் தாண்டிப் போய் நடுவில் ஒரு அழகான வாக்கியத்தை வெட்டியெடுத்து மனுவில் ஒட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. உங்கள் சம்பவமும் அந்தச் சம்பவமும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே வேறுபடுகின்றன என்று ஒரு தாளில் இரண்டு பத்தியாக எழுதுங்கள். எதிர்த்தரப்பு வக்கீல் அந்த வேறுபாட்டைத்தான் பிடிக்கப் போகிறார்.

இப்போது புதிய தொகுப்புச் சட்டம் வந்துவிட்டதே, இந்தப் பழைய தீர்ப்புகளால் என்ன பயன்?

1947 சட்டத்தின் இடத்துக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் 2020-ல் நிறைவேறி, 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்தது. அதில் ‘தொழில்’ வரையறையை எடுத்துப் பாருங்கள். முறையான செயல்பாடு, முதலாளி தொழிலாளி ஒத்துழைப்பு, மனிதத் தேவைக்கான பொருள் அல்லது சேவை, லாப நோக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி. 1978 தீர்ப்பின் மூன்று கேள்விகளும் இப்போது சட்டத்தின் வரிகளாகவே உட்கார்ந்திருக்கின்றன. எனவே அவற்றின் பொருளைத் தேடினால் பழைய தீர்ப்புகளுக்குத்தான் போக வேண்டும்.

ஆனால் கூடவே விலக்குகளும் வந்திருக்கின்றன. வீட்டு வேலை, அரசின் இறையாண்மைப் பணி ஆகியவற்றோடு, முழுவதுமாகவோ பெருமளவிலோ அறப்பணி, சமூகப் பணி, கொடைப் பணியில் ஈடுபட்டுள்ள அமைப்புகள் நடத்தும் நிறுவனங்களும் தொழில் இல்லை. எங்கள் ஆயாம்மா இன்று வந்திருந்தால் 1978 தீர்ப்பின் அந்தப் பத்தியை மட்டும் மேசையில் வைத்து முடித்திருக்க முடியாது.

இனிச் சண்டை ‘பெருமளவில்’ என்ற சொல்லில் நடக்கும். நூறு படுக்கையில் எத்தனை இலவசமாக இருந்தால் பெருமளவு? ஸ்கேனுக்கும் ஆபரேஷனுக்கும் வெளியே வாங்கும் கட்டணத்தையே வாங்கிக்கொண்டு, வாசலில் மட்டும் ‘தர்ம’ என்று பலகை இருந்தால்? சட்டத்தில் இதற்கு அளவு இல்லை. அதனால் இப்போது அறக்கட்டளை நிறுவனங்களிலிருந்து வருகிறவர்களிடம் நாங்கள் புதிதாக ஒன்றைக் கேட்டு வாங்குகிறோம்: மருத்துவமனையின் கட்டணப் பட்டியல், நோயாளிக்குக் கொடுத்த பில் நகல்கள், எந்த வார்டு இலவசம், எந்த வார்டு கட்டணம் என்று அவர்களே கைப்பட எழுதிய கணக்கு. வார்டில் 12 வருடம் வேலை பார்த்தவருக்கு எந்தப் படுக்கைக்கு யார் பணம் கட்டினார்கள் என்று நன்றாகவே தெரியும்.